வாலாஜா மொட்டை மாடியிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்

ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பும் ராக்கெட்டை வேலூர்ப் பக்கமிருந்தே, டெலஸ்கோப் எதுவும் இல்லாமல், சாதாரணக் கேமராவில் பிடித்துவிடலாம். 2024 டிசம்பர் 30 இரவு பி.எஸ்.எல்.வி. சி-60 கிளம்பியபோது வாலாஜாபேட்டையில் மச்சான் வீட்டு மொட்டை மாடியிலிருந்து எடுத்த படம் கையில் இருக்கிறது. கீழே பனைமரங்களின் கறுப்பு உருவம், அதற்கு மேலே வலப்பக்கமாகச் சாய்ந்து ஏறும் ஓர் ஆரஞ்சுக் கோடு, சட்டத்தின் மேல் ஓரத்தில் செவ்வாய் கிரகம். படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "என்ன கேமரா?" கேமரா பத்து வருடப் பழசு, லென்ஸ் அதோடு சேர்த்துக் கொடுத்த 18-55 எம்.எம். ஜூம். அதில் சொல்ல ஒன்றுமில்லை. இடம் பார்ப்பதும் திசை பார்ப்பதும்தான் வேலை, மற்றதெல்லாம் ஒரு மாலைநேரத்தில் முடிகிற காரியம்.

நேரே போய்ப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஸ்ரீஹரிகோட்டாவில் 2019 முதல் பொதுமக்களுக்கான பார்வையாளர் அரங்கம் இருக்கிறது. இணையத்தில் பெயர் பதிய வேண்டும், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். வேலைநாளில் வேலூரிலிருந்து கிளம்பிப் போய், ஏவுதல் தள்ளிப்போய், வெறும் கையோடு திரும்புவது எனக்குச் சரிப்படாது. மாடிதான் வசதி. தள்ளிப்போனால் கீழே இறங்கிப் படுத்துக்கொள்ளலாம்.

முதலில் வேலூரில் எங்கள் வீட்டு மாடியிலேயே முயன்றேன். 2022 அக்டோபர் 23, நள்ளிரவு தாண்டி 12 மணி 7 நிமிடம். இஸ்ரோவின் கனரக ராக்கெட்டான எல்.வி.எம்-3, ஒன்வெப் நிறுவனத்தின் 36 செயற்கைக்கோள்களோடு கிளம்பியது. மறுநாள் தீபாவளி. தெருவில் அந்த நேரத்திலும் யாரோ ராக்கெட் வெடி விட்டுக்கொண்டிருந்தார்கள், அது வேறு குழப்பம். வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால் வேலூரிலிருந்து ஏவுதளம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர், திசை வடக்கிலிருந்து கிழக்காக 53 டிகிரி. அந்தத் திசைக்கு நேராக 50 எம்.எம். லென்ஸை நிமிர்த்தி வைத்து, மூன்று நிமிடம் ஷட்டரைத் திறந்துவைத்தேன்.

கிடைத்தது ஆரஞ்சு நிறத்தில் வெளுத்துப்போன வானமும், அதன் நடுவில் ஒரு குன்றும். வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டே, தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை என்று. அந்த மரமில்லாத மலைகளில் ஒரு குட்டி எங்கள் தெருவுக்கு வடகிழக்கே உட்கார்ந்திருக்கிறது. அதன் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் வெளிச்சம் கிளம்பியதைப் பார்த்தேன். ராக்கெட் குன்றைத் தாண்டி மேலே வந்ததும் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் அது வந்த இடம் கேமராவின் சட்டத்துக்கு வலப்பக்கம், வெளியே.

ராக்கெட் ஏவுதளத்துக்கு நேர் மேலே ஏறிக்கொண்டே போகும் என்ற கணக்கில் கேமராவை வைத்ததால் வந்த வினை. செங்குத்தாகக் கிளம்பினாலும் சில நொடிகளிலேயே அது கடல் பக்கம் சாயத் தொடங்கிவிடுகிறது. கிழக்கே போகிறதோ, இலங்கையைச் சுற்றிக்கொள்ளத் தென்கிழக்கே போகிறதோ, தென்மேற்கில் நிற்கிற நமக்கு அது எப்போதும் வலப்பக்கம்தான் நகரும். ஆகவே ஏவுதளத்தின் திசையைச் சட்டத்தின் இடது ஓரத்தில் வைத்துவிட்டு, வலப்பக்கம் இடம் விட வேண்டும். நமது பக்கத்திலிருந்து எடுக்கிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது குன்று. அது எவ்வளவு மறைக்கிறது என்று அளக்க ஒரு கருவி செய்தேன். பையனின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானி, அதன் நேர்விளிம்பில் டேப் போட்டு ஒட்டிய ஜூஸ் ஸ்ட்ரா, நடுப்புள்ளியில் கட்டிய தையல் நூல், நூல் நுனியில் ஒரு நட்டு. ஸ்ட்ரா வழியாகக் குன்றின் உச்சியைப் பார்க்கும்போது நூல் 90-லிருந்து எத்தனை டிகிரி விலகித் தொங்குகிறதோ அதுதான் உயரக் கோணம். காற்றில் நூல் ஆடும். நட்டுக்குப் பதில் கொத்தனாரின் தூக்குக்குண்டைக் கட்டிப் பார்த்தேன், அதன் கனத்துக்குப் பிளாஸ்டிக் கோணமானி வளைந்தது. மறுபடி நட்டே. ஒருவர் பார்க்க, இன்னொருவர் நூல் நிற்கும் எண்ணைப் படித்தால் ஒரு டிகிரிக்குள் சரியாக வருகிறது.

குன்று 11 டிகிரி. கேட்க ஒன்றுமில்லாத எண் போலத் தோன்றும். ஆனால் 150 கிலோமீட்டர் தூரத்தில் 11 டிகிரி என்றால் 29 கிலோமீட்டர் உயரம். பூமியின் வளைவு மறைப்பதையும் சேர்த்தால் ராக்கெட் 30 கிலோமீட்டருக்கு மேல் ஏறினால்தான் எங்கள் மாடிக்குத் தெரியும். ராக்கெட் கட்டம் கட்டமாக எரிந்து ஏறுவது, அதற்குள் முதல் கட்டத்தின் பெரும்பகுதி எரிந்து முடிந்திருக்கும். வீட்டை மாற்ற முடியாது, மாடியை மாற்றலாம்.

மச்சான் வீடு வாலாஜாவில் ஊர் எல்லையைத் தாண்டி, சோளிங்கர் போகிற பக்கம். இரண்டு தளத்துக்கு மேல் மொட்டை மாடி. வடகிழக்கே நெல்வயலும் கொல்லைமேடும்தான். கோணமானியில் பார்த்தால் மரங்களின் தலை ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி, அவ்வளவே. அங்கிருந்து ஏவுதளம் 130 கிலோமீட்டர், திசை 47 டிகிரி, கிட்டத்தட்ட சரியான வடகிழக்கு. நடுவே நகரி மலையும் நாகலாபுரம் மலையும் இருக்கின்றன, ஆனால் அவ்வளவு தூரத்தில் அவை ஒரு டிகிரிகூட எழும்பவில்லை. பூமியின் வளைவால் கீழே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் மறைகிறது. அதைப் பற்றி ஒன்றும் செய்வதற்கில்லை. ஏவுதளத்திலிருந்து நெருப்போடு எழும்புகிற அந்தக் காட்சி நமக்குக் கிடையாது, அது டிவியில்தான்.

திசையைக் கண்டுபிடிக்கப் போனில் இருக்கும் திசைகாட்டியை நம்பாதீர்கள். மாடியின் மூலைக்கு மூலை அது வேறு வேறு எண் காட்டியது. தளத்துக்குள் கம்பி, கைப்பிடிச் சுவருக்குள் கம்பி, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு இரும்பு ஸ்டாண்டு. இருபது டிகிரி வரை பிசகியது. நான் செய்தது இதுதான். கணினியில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, தூரம் அளக்கும் வசதியில் மாடிக்கும் ஏவுதளத்துக்கும் ஒரு கோடு போட்டேன். அப்புறம் அந்தக் கோட்டின் முதல் இரண்டு கிலோமீட்டரை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். வீட்டிலிருந்து முக்கால் கிலோமீட்டரில் ஒரு வரப்போரம் நிற்கும் மூன்று பனைமரங்களுக்கும், அதற்கு வலப்பக்கம் இருக்கும் செல்போன் டவருக்கும் நடுவே கோடு போனது. மாடிக்கு ஏறி, பனையையும் டவரையும் கண்டுபிடித்தால் திசை கிடைத்துவிட்டது. டவர் உச்சியில் சிவப்பு விளக்கு வேறு எரிகிறது, இருட்டிலும் குறி தப்பாது.

கணக்கு சரியா என்று பார்க்க 2024 பிப்ரவரி 17-ஆம் தேதி ஏவுதல் உதவியது. ஜி.எஸ்.எல்.வி. எஃப்-14, இன்சாட்-3டிஎஸ் வானிலைச் செயற்கைக்கோள், மாலை 5:35. சனிக்கிழமை என்பதால் குடும்பத்தோடு வாலாஜாவில் இருந்தோம். பகல் வெளிச்சத்தில் இவ்வளவு தூரத்தில் ஒன்றும் தெரியாது என்றுதான் ஏறினேன். ஆனால் மாலையில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் மேற்கே தாழ்ந்திருக்கும், அந்த வெளிச்சம் ராக்கெட்டின் புகைமேல் நேராகப் படும். பனைக்கும் டவருக்கும் நடுவே, மரத்தலைக்கு இரண்டு விரல் மேலே, வெள்ளை நூல் ஒன்று முளைத்து வலப்பக்கம் வளைந்தது. வீட்டுக் குழந்தைகள்தான் முதலில் பார்த்தார்கள். போனில் எடுத்த படத்தில் அது தூசி போலத்தான் விழுந்தது, காட்டிக்கொள்ள முடியாது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது: கோடு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு உயரம் போகிறது, எவ்வளவு வலப்பக்கம் நகர்கிறது. கையை நீட்டி முஷ்டி மடக்கினால் அது பத்து டிகிரி. உயரம் இரண்டு முஷ்டி, அகலமும் இரண்டு முஷ்டிக்குக் கொஞ்சம் குறைவு.

அந்த அளவை வைத்து லென்ஸை முடிவுசெய்தேன். என் கேமராவின் சென்சாருக்கு 50 எம்.எம். லென்ஸ் படுக்கைவாக்கில் 26 டிகிரி அகலம், 18 டிகிரி உயரம்தான் காட்டும். உயரம் போதாது. 18 எம்.எம். வைத்தால் எல்லாம் அடங்கும், ஆனால் கோடு சின்னதாகிவிடும். 24 எம்.எம்.-இல் 52 டிகிரி அகலம், 36 டிகிரி உயரம். பி.எஸ்.எல்.வி. தென்கிழக்கே போகும் என்பதால் ஜி.எஸ்.எல்.வி.யைவிட இன்னும் வலப்பக்கம் நகரும், அதற்கும் இடம் இருக்கும். 24-தான் என்று வைத்துக்கொண்டேன்.

இரவு ஏவுதலுக்காகக் காத்திருந்த நாட்களில் மாடியில் ஒத்திகை பார்த்தேன். அங்கேதான் பனி காலை வாரியது. மார்கழி இரவில் பாலாற்றுப் பக்கத்து ஊர்களில் பனி இறங்குவது உங்களுக்குத் தெரிந்ததே. எட்டரை மணிக்கே கைப்பிடிச் சுவர் ஈரமாகிவிடுகிறது. ஒன்பதரைக்கு லென்ஸின் கண்ணாடி மேல் மெல்லிய ஆவிப்படலம். துணியால் துடைத்தால் ஐந்து நிமிடம் தாங்கும், அப்புறம் மறுபடியும். அது மட்டுமில்லை, துடைக்கும்போது ஃபோகஸ் வளையம் அசைந்துவிடுகிறது.

ஆகவே லென்ஸுக்கு ஒரு சூடேற்றும் பட்டை செய்தேன். கடையில் விற்கிறார்கள், ஆயிரத்துக்கு மேல் கேட்டார்கள். இதற்கு அவ்வளவு வேண்டாம். 47 ஓம் ரெசிஸ்டர் பத்து. பழைய சார்ஜர் கேபிள் ஒன்று. ஒரு முழம் நாடா. கேபிளை வெட்டி சிவப்பு, கறுப்பு ஒயர் இரண்டையும் உரித்து இணையாக நீட்டி, ஏணிக்குப் படி வைப்பதுபோல நடுவே இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்றாக ரெசிஸ்டர்களைச் சால்டர் செய்ய வேண்டும். லென்ஸின் சுற்றளவு இருபது சென்டிமீட்டர்தான், பத்து ரெசிஸ்டர் சரியாகச் சுற்றி வருகிறது. மொத்தம் 4.7 ஓம். பவர் பேங்கின் 5 வோல்ட்டில் ஒரு ஆம்பியருக்குச் சற்று மேலே இழுக்கும், ஐந்து வாட் சூடு.

முதலில் பெட்டியில் கிடந்த கால் வாட் ரெசிஸ்டர்களைப் போட்டேன். ஐந்து நிமிடத்தில் பழுப்பாகி வாசனை வந்தது. ஒவ்வொன்றிலும் அரை வாட்டுக்கு மேல் போகிறது, கால் வாட் எப்படித் தாங்கும்? ஒரு வாட் ரெசிஸ்டர் வாங்கி மாற்றினேன். வேலூரில் டிவி, ரேடியோ பாகங்கள் விற்கிற கடைகளில் ஒன்று மூன்று ரூபாய். கடைக்காரர் பத்து எண்ணிக் கொடுத்துவிட்டு, "இன்னாத்துக்கு சார்?" என்றார். லென்ஸுக்கு என்றதும் இன்னும் இரண்டு சேர்த்துப் போட்டார், "உட்டா எரிஞ்சி பூடும், ஸ்பேர் வெச்சிக்கோங்க" என்று. பட்டையை நாடாவுக்குள் வைத்துத் தைத்தாள் மனைவி. ஓரத்தில் வெல்க்ரோ. பத்து நிமிடம் ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தால் கைக்கு இதமான சூடு, அதற்கு மேல் ஏறவில்லை. அவ்வளவுதான் தேவை. கண்ணாடி சுற்றியிருக்கும் காற்றைவிட ஓரிரு டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தாலே பனி படியாது. ஃபோகஸ் வளையத்தின் மேல் சுற்றாமல் லென்ஸின் முன் ஓரத்தில் சுற்ற வேண்டும். இரவெல்லாம் ஓட வேண்டியதில்லை, நான்கைந்து மணி நேரத்துக்குப் பத்தாயிரம் எம்.ஏ.எச். பவர் பேங்க் தாராளம்.

இன்னொரு ஒத்திகை, ஷட்டருக்கு. மூன்று நிமிடம் தொடர்ந்து திறந்துவைத்தால் ராணிப்பேட்டை சிப்காட் வெளிச்சமும் நெடுஞ்சாலை வெளிச்சமும் சேர்ந்து வானம் வெளுத்துப்போகிறது. அதற்குப் பதில் பத்துப் பத்து நொடிப் படங்களாகத் தொடர்ந்து எடுத்து, பிறகு கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிடலாம். ஒவ்வொரு புள்ளியிலும் எந்தப் படம் பிரகாசமோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி சொன்னால் வானம் பத்து நொடிக்குரிய இருட்டோடு நிற்கும், கோடு மட்டும் நீளும். இதற்கு நேரம் குறித்து எடுக்கும் கருவியை இரவல் வாங்கிப் பார்த்தேன். அது இரண்டு படத்துக்கு நடுவே குறைந்தது ஒரு நொடி விடுகிறது. சென்னைக்குப் போகும் விமானங்களை வைத்துச் சோதித்தால் கோடு புள்ளிக்கோலமாக வந்தது. கேமராவைத் தொடர் படம் எடுக்கும் முறையில் வைத்து, ஷட்டர் நேரம் பத்து நொடி கொடுத்து, 350 ரூபாய் ஒயர் ரிமோட்டின் பட்டனை அழுத்திப் பூட்டிவிட்டால் அது பாட்டுக்கு ஒன்று முடிந்ததும் அடுத்ததை எடுத்துக்கொண்டே போகிறது. இடைவெளி கண்ணுக்குத் தெரியவில்லை. மெனுவில் நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் குறைப்பு என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் பிறகு அதே பத்து நொடி கேமரா சும்மா உட்கார்ந்திருக்கும்.

டிசம்பர் 30. மார்கழி அமாவாசை, அனுமன் ஜெயந்தி. நிலா இல்லை என்பது நமக்கு நல்லது. ஸ்பேடெக்ஸ் என்ற பெயரில் தலா 220 கிலோ எடையுள்ள இரண்டு செயற்கைக்கோள்கள் போகின்றன, விண்வெளியில் ஒன்றையொன்று பிடித்து இணைவதற்காக. முதலில் 9:58 என்று சொன்னார்கள், பிறகு 10 மணி 15 நொடி என்று மாற்றினார்கள். நான் ஏழரைக்கே மாடிக்குப் போய்விட்டேன். டிரைபாட் இலேசானது, காற்றில் ஆடும். நடுத்தண்டில் பையைக் கட்டி அதற்குள் இரண்டு செங்கல். மச்சானின் அம்மா படிக்கட்டில் நின்று பார்த்துவிட்டு, "இன்னா மாப்ளே, ராத்திரில செங்கல்ல தூக்கினு மேல போறீங்க?" என்றார். ராக்கெட்டுக்கு என்றேன். அத்தை அதற்கு மேல் கேட்கவில்லை.

ஃபோகஸுக்கு அன்று செவ்வாய் அகப்பட்டது. கிழக்கே மூன்று முஷ்டி உயரத்தில் சிவப்பாக, நல்ல பிரகாசமாக இருந்தது. கேமராத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, அந்தப் புள்ளி மிகச் சிறியதாகும் வரை வளையத்தைத் திருப்பினேன். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு வளையத்தின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப். ஜூம் வளையத்தின் மேலும் ஒரு சுற்று. சட்டத்தின் இடது ஓரத்துக்குப் பக்கத்தில் பனையும் டவரும், கீழ்விளிம்பில் மரத்தலை, மேல் விளிம்பை ஒட்டிச் செவ்வாய். ஐ.எஸ்.ஓ. (சென்சார் ஒளியை உணரும் அளவு) 400, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 5.6, பத்து நொடி. கேமராக் கடிகாரத்தைப் போனோடு நொடி பிசகாமல் ஒத்துவைத்தேன். இதை எதற்குச் செய்தேனோ, பிற்பாடு மிகவும் பயன்பட்டது.

மாடியில் நான்கைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். மச்சான் போனில் நேரலை போட்டான். நேரலை நம்மைவிட அரை நிமிடம் வரை பின்தங்கி ஓடும், அதை நம்பிப் பட்டனை அழுத்தினால் போச்சு. கடிகாரத்தைப் பார்த்து 9:59:30-க்கே ரிமோட்டைப் பூட்டினேன். பத்து மணி 15 நொடி. ஒன்றும் இல்லை. இருபது நொடி கழிந்தது, ஒன்றும் இல்லை. "எங்க கீது உங்க ராக்கெட்டு?" என்றார் அத்தை. அடிவானத்தை ஒட்டிய தூசியும் பனியும் கீழே இரண்டு டிகிரியை விழுங்கிவிடும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் நெஞ்சு அடித்துக்கொண்டது. போனில் அப்போதுதான் கவுண்ட்டவுன் முடிந்து கைதட்டினார்கள். அதே நேரம் பனைக்கும் டவருக்கும் நடுவே, மரத்துக்கு மேலே, சிவந்த புள்ளி ஒன்று வெளியே வந்தது.

சத்தம் இல்லை. 130 கிலோமீட்டருக்குச் சத்தம் வந்தாலும் ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். நான் காது கொடுத்து நின்றேன், நெடுஞ்சாலை லாரிதான் கேட்டது. புள்ளி ஏற ஏற ஆரஞ்சாகி, மஞ்சளாகி, நட்சத்திரங்களைவிடப் பளிச்சென்று ஆனது. சி-60-க்குப் பக்கவாட்டில் கூடுதல் உந்துதல் தரும் பூஸ்டர் எதுவும் கிடையாது, முதல் கட்டம் மட்டும்தான், அதுவே இப்படி. இரண்டு முஷ்டி உயரத்தைத் தாண்டியதும் சட்டென்று மங்கியது. அணைந்துவிட்டதென்று பையன் கத்தினான். உற்றுப் பார்த்தால் அதே இடத்திலிருந்து மிக மெல்லிய வெளிச்சம் ஒன்று தொடர்ந்து வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் கட்டம், திரவ எரிபொருள். திட எரிபொருளின் அந்தப் பிரகாசம் அதற்கு இல்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணை விட்டுப் போய்விட்டது.

கணினியில் அடுக்கும் வேலைக்கு ஜிம்ப் மென்பொருள், இலவசம். படங்கள் எல்லாவற்றையும் அடுக்குகளாகத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் 'லைட்டன் ஒன்லி' முறை கொடுத்தால் போதும். ஒரு படத்தில் விமானம் ஒன்று குறுக்கே மின்னிக்கொண்டு போயிருந்தது. அந்தத் திசையில்தான் அரக்கோணம், அங்கே கடற்படையின் ராஜாளி விமானதளம் இருக்கிறது, சென்னைக்குப் போகிற விமானங்களும் உண்டு. அந்த ஒரு படத்தில் மட்டும் விமானக் கோட்டின் மேல் கறுப்புப் பூசிவிட்டால் அடுக்கில் காணாமல் போய்விடுகிறது. மற்ற படங்களின் வானம் அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும்.

கடிகாரத்தை ஒத்துவைத்த பலன் இங்கே கிடைத்தது. ஒவ்வொரு படத்திலும் நேரம் பதிவாகியிருக்கிறது. ஏவிய நொடியிலிருந்து எண்ணினால் நான்காவது படத்தில், அதாவது முப்பது நொடிக்குப் பிறகு, மரத்தலைக்கு மேல் கோடு தொடங்குகிறது. பதினோராவது படத்தில் ஆரஞ்சுக் கோடு முடிகிறது. 110 நொடி. பி.எஸ்.எல்.வி. முதல் கட்டம் எரியும் நேரமும் ஏறக்குறைய அதேதான். 139 டன் எரிபொருள் தீர்ந்துபோன இடத்தை வாலாஜாவில் உட்கார்ந்து விரல் வைத்துக் காட்டலாம். அதற்குப் பிறகு வரும் படங்களில் இரண்டாம் கட்டம் மயிரிழை போலக்கூட விழவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது கேமராவுக்குத் தெரியவில்லை. ஐ.எஸ்.ஓ. 1600 வரை போயிருந்தால் விழுந்திருக்கும், ஆனால் அப்போது முதல் கட்டம் வெளுத்துப்போயிருக்கும். ஒரே கேமராவில் இரண்டும் கிடைக்காது என்று நினைக்கிறேன். 110 நொடி முடிந்ததும் ரிமோட்டை விடுவித்து, ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி, மறுபடி பூட்டிப் பார்க்கலாம், கை நடுங்காதவர்கள்.

அந்தச் செயற்கைக்கோள்கள் 2025 ஜனவரி 16 அன்று இணைந்தன. செய்தி வந்த அன்று அத்தையே போன் செய்து, "அன்னிக்கி நம்ம மாடிலேருந்து பாத்தமே, அதுதானே?" என்று கேட்டார்.

அதே மாதம் 29-ஆம் தேதி காலை 6:23-க்கு ஜி.எஸ்.எல்.வி. எஃப்-15. ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதல் என்பதால் விடக்கூடாது என்று போனேன். எல்லாம் அதே இடத்தில் அதேபோல வைத்தேன். லென்ஸில் பனி இல்லை, பட்டை வேலை செய்தது. வயலில்தான் பனி. பனைமரமே தெரியவில்லை, டவரின் சிவப்பு விளக்கு இருந்த இடம் தெரியவில்லை. அடிவானத்தில் பால் ஊற்றிய மாதிரி வெள்ளை, அதன் பின்னால் விடியல் வெளிச்சம். விடியற்காலை ஏவுதலில் ராக்கெட்டும் சூரியன் வரும் பக்கத்திலேயே இருக்கிறது என்பதால் பனி இல்லாவிட்டாலும் எதிர்வெளிச்சம் தொல்லைதான். தை, மாசியில் காலை ஏவுதலுக்கு இந்தப் பக்கமிருந்து போகாதீர்கள். இரவு நல்லது, மாலை அதைவிடவும் நல்லது.

செலவைக் கேட்கிறவர்களுக்கு: ஒயர் ரிமோட் 350, ரெசிஸ்டர், வெல்க்ரோ, டேப் எல்லாம் சேர்த்து நூற்றுக்குள். எரிந்துபோன கால் வாட் ரெசிஸ்டர்கள் கணக்கில் வராது, பெட்டியில் கிடந்தவை. கேமரா கைவசம் இருந்தது. இல்லாதவர்கள் போனிலேயே முயலலாம், மானுவல் முறையில் பத்து நொடி திறந்துவைக்கும் போன்கள் இப்போது நிறைய. போனைச் செங்கல்மேல் சாய்த்துவைத்துக் குரல் கட்டளையிலோ டைமரிலோ எடுத்தால் அசையாது. எல்.வி.எம்-3 இரவில் போனால் போனுக்கே நன்றாக விழும், அதன் இரண்டு பக்கப் பூஸ்டர்களின் வெளிச்சம் பி.எஸ்.எல்.வி.யோடு ஒப்பிட முடியாதது.

அடுத்து சோளிங்கரைப் பார்த்து வைத்திருக்கிறேன். அங்கிருந்து ஏவுதளம் 110 கிலோமீட்டர்தான், யோக நரசிம்மர் கோயில் இருக்கும் பெரிய மலை உச்சிக்குப் போய்விட்டால் வயல் பனியும் காலுக்குக் கீழே போய்விடும். 1305 படி ஏற வேண்டியதில்லை, ரோப்கார் வந்துவிட்டது. சிக்கல் இரண்டு. கோயில் நடை சாத்திய பிறகு மேலே இருக்க முடியாது, ஆகவே மாலை ஏவுதலுக்கு மட்டும்தான். அப்புறம் குரங்குகள். கையில் தேங்காய்ப் பையோடு ஏறியவர்களைக் கேட்டால் சொல்வார்கள், கேமராப் பையையும் அவை தேங்காய்ப் பை என்றுதான் நினைக்கும். மேலே டிரைபாடை விரிக்க அனுமதிப்பார்களா, வடகிழக்குப் பக்கம் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டுக்கொண்டு, கோணமானியில் அளந்துகொண்டு வர வேண்டும். முடியாது என்றால் மலைக்குப் போகும் பாதையில் ஏதாவது ஒரு மாடியைப் பிடிக்க வேண்டியதுதான்.